நோட்டில் ஏறாத வாழை மட்டை

புதிதாக ஆய்வகத்துக்கு வந்திருக்கும் பிள்ளைகளே, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் டீச்சர் இல்லை. இந்தக் கல்லூரியில் எல்லாரும் என்னை அப்படித்தான் கூப்பிட்டார்கள். நீங்களும் அப்படித்தான் கூப்பிடப் போகிறீர்கள். ராயப்பன்பட்டியில் என் அக்காமார் இரண்டு பேரும் டீச்சர், அண்ணன் பெண்டாட்டியும் டீச்சர். போகிற போக்கில் எனக்கும் அந்தப் பட்டம் ஒட்டிக்கொண்டது. நான் நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்து போன வருடம் ஓய்வு பெற்றவள். பாக்டீரியா வளர்க்கும் தட்டு கழுவி, அவற்றுக்குச் சாப்பாடாக மீடியா காய்ச்சி, அதைத் தட்டில் ஊற்றி, மறுபடியும் தட்டு கழுவியவள். அதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. வெட்கப்படுகிற விஷயம் வேறொன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

மீடியா எப்படிக் காய்ச்சுவது என்று நான் சொல்லப் போவதில்லை. சுவரில் ஒட்டியிருக்கிறது, படித்துக்கொள்ளுங்கள்.

நம் பள்ளத்தாக்கில் எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை. கடலைப் பார்க்க வேண்டுமென்றால் விடியும் முன்னே பஸ் ஏறி, மத்தியானம் போய் இறங்க வேண்டும். இங்கே உட்கார்ந்துகொண்டு கடற்பஞ்சு ஆராய்ச்சி செய்கிறோம் என்றால் சிரிக்கத்தான் செய்வார்கள். உத்தமபாளையம் பஸ்ஸில் ஒரு கண்டக்டர் என் ஐஸ் பெட்டியைக் காலால் தட்டி, "என்ன டீச்சர், மீனா?" என்பார். "மீன் இல்லப்பா, கடற்பஞ்சு" என்பேன். "எதுக்கு, பாத்திரம் தேய்க்கவா? நம்ம ஊரு பீர்க்கங்கூடு தேய்க்காதாக்கும்?" என்று கேட்டுப் பெட்டிக்கும் சேர்த்து ஒரு முழு டிக்கெட் கிழிப்பார்.

எல்லாம் எங்கள் பேராசிரியர் செய்த வேலை. அவர் கடற்கரைக்காரர். வேலை கிடைத்து மலையடிவாரத்துக்கு வந்தவர், கடலை விட மனசில்லாமல் கையோடு கொண்டுவந்துவிட்டார். கடற்பஞ்சு ஒரு பிராணி என்று எனக்குச் சொன்னவரே அவர்தான். பாறையில் ஒட்டிக்கொண்டு நகராமல் கிடக்கும். வாய் இல்லை, ஓடி ஒளியக் கால் இல்லை. உடம்பு முழுக்கச் சின்னச் சின்னத் துளைகள். அதன் வழியே நாள் முழுவதும் கடல் தண்ணீரை இழுத்து, வடிகட்டி, வெளியே விட்டுக்கொண்டிருக்கும். அந்த உடம்புக்குள் கணக்கில்லாத பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. பஞ்சு அவற்றுக்கு இடமும் சாப்பாடும் கொடுக்கிறது. அவற்றில் சில, எதிரிகளுக்கு ஆகாத நஞ்சைச் சுரந்து பஞ்சைக் காப்பாற்றுகின்றன. அந்த நஞ்சிலிருந்து மருந்து எடுக்க முடியுமா என்று பல தேசங்களில் தேடுகிறார்கள். தொல்லை என்னவென்றால், பஞ்சை விட்டு வெளியே எடுத்தால் அந்தப் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை நம் தட்டில் வளராது. வளர்ந்துவிட்டால் திருவிழாதான்.

நான் சேர்ந்த முதல் வாரத்திலேயே ஒரு பஞ்சைக் கொன்றேன். பெட்டியிலிருந்து எடுத்ததும், சந்தையிலிருந்து வந்த கீரையைக் கழுவுகிற மாதிரி குழாயைத் திறந்து அலசி வைத்துவிட்டேன். நம் ஊரில் எது வீட்டுக்குள் வந்தாலும் முதலில் கழுவத்தானே செய்வோம்? பெரியாற்றுத் தண்ணீர், குடித்தால் இனிக்கும். உப்பிலேயே இருந்த பாக்டீரியாவுக்கு அந்த நல்ல தண்ணீர் எமன் என்று எனக்கு எப்படித் தெரியும்! பேராசிரியர் வந்து பார்த்தார். சத்தம் போடவில்லை. மேசையில் இருந்த நீளமான நோட்டை என் பக்கம் தள்ளினார்.

"கழுவுனதை எழுதுங்கம்மா. எங்கிட்ட சொன்னா நான் மறந்துருவேன். இதுல எழுதுனா நாளைக்கு வர்றவனுக்கு உதவும்."

எழுதினேன். அன்றிலிருந்து நோட்டில் எல்லாமே எழுதினேன், ஒன்றைத் தவிர.

கடமலைக்குண்டிலிருந்து மகேஸ்வரி என்று ஒரு பெண் முனைவர் பட்டத்துக்கு வந்து சேர்ந்தாள். அப்பாவுக்கு மானாவாரி நிலம். மழை பெய்தால் விளையும், பெய்யாவிட்டால் வீட்டில் எல்லாரும் வானத்தைத் திட்டுவார்கள். அந்த வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். நல்ல பிள்ளை, வாய்தான் காது வரைக்கும். என்னை அக்கா என்றோ அம்மா என்றோ சொல்லாமல் டீச்சர் என்று சொல்லிக்கொண்டே என் டிபன் பாக்ஸைத் திறப்பாள்.

அவளும் நானும் பஞ்சு எடுக்கக் கடற்கரைக்குப் போனோம். அனுமதிக் கடிதம் எல்லாம் பேராசிரியர் வாங்கி வைத்திருந்தார். கடலில் மூழ்கிப் பஞ்சு எடுத்துத் தருபவர் ஆரஞ்சு நிறத்தில், கையகலத்தில் ஒன்றைத் தந்தார். ஐஸ் நேராகப் பட்டால் பஞ்சு வெந்த மாதிரி ஆகிவிடும். காய்ந்தாலும் போச்சு. இங்கேதான் நான் என் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டினேன்.

என் அப்பா சின்னமனூர் வெற்றிலைக் கடையில் கட்டுப் போடுகிறவர். நூறு நூறு இலையாக, கவுளி கவுளியாக அடுக்கி, ஈர வாழை மட்டையை மேலே சுற்றி, நாரால் இறுக்குவார். வெளியூர் லாரியில் போய் நாலு நாள் கழித்துப் பிரித்தாலும் வெற்றிலை இப்போது கிள்ளிய மாதிரி இருக்கும். அதைப் பார்த்து வளர்ந்தவள் நான். கடற்கரைக்குக் கிளம்பும்போதே எங்கள் கொல்லை வாழையிலிருந்து மட்டையை உரித்து, ஈரச் சாக்கில் சுருட்டி எடுத்துப் போயிருந்தேன். கடல் தண்ணீரில் நனைத்துப் பஞ்சைச் சுற்றிக் கட்டிப் பெட்டியில் வைத்தேன். மகேஸ்வரி அந்த நேரம் படகுக்காரரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் பெட்டியைத் திறந்த பேராசிரியர் அசந்துபோனார். "என்னம்மா இது, இப்பத்தான் கடல்ல இருந்து எடுத்த மாதிரி இருக்கு? எப்படிக் கொண்டுவந்தீங்க?"

மட்டையை நான் ஏற்கெனவே பிரித்துக் குப்பையில் போட்டிருந்தேன். பெருமை தாங்கவில்லை எனக்கு. அப்பாவின் தொழில் ரகசியத்தை அவ்வளவு சீக்கிரம் விடுவேனா? "கைராசி சார்" என்றேன். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். நோட்டில், 'ஐஸ் பெட்டியில் கொண்டுவரப்பட்டது' என்று மட்டும் எழுதினேன்.

உங்களுக்கு இப்போதே புரிந்திருக்கும். எனக்கு அப்போது புரியவில்லை. வாழை இலையில் சோறு போட்டுச் சாப்பிடுகிறோம், மட்டையில் பூ கட்டி சாமிக்கு வைக்கிறோம். அது சுத்தம் என்பது எங்கள் எலும்பிலேயே ஊறிப்போனது. அதை ஒரு பொருளாகவே நான் நினைக்கவில்லை.

அந்தப் பஞ்சின் உள்சதையிலிருந்து ஒரு பாக்டீரியா வந்தது. சாம்பல் பூத்த மாதிரி, மாவு தூவினாற்போல் வளர்ந்தது. வாழையை வாட வைக்கும் பூஞ்சையைப் பக்கத்தில் வைத்தால், கோடு கிழித்த மாதிரி பூஞ்சை அப்படியே நின்றுவிடும். மகேஸ்வரி குதித்தாள். கம்பத்துத் தோட்டங்களில் அந்த வாடல் நோய் எத்தனை குடும்பத்தை அழ வைத்திருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். இனத்தைப் பார்த்தபோது, கடலிலும் உண்டு, மண்ணிலும் உண்டு என்கிற வகை. கடலிலிருந்து வந்ததால் கடல் என்று எழுதிக்கொண்டோம். சந்தேகம் வேண்டாம் என்று இன்னும் இரண்டு முறை கடற்கரைக்குப் போனோம். இரண்டு முறையும் அதே பாக்டீரியா கிடைத்தது. மூன்று முறையும் கிடைத்துவிட்டது, இனி என்ன வேண்டும் என்றார்கள். மூன்று முறையும், அவள் படகுக்காரரிடம் நின்ற நேரத்தில், பெட்டி கட்டியது நான்தான்.

ஐந்து வருடம் ஓடியது. மகேஸ்வரி ஆய்வேட்டை எழுதி முடித்தாள். கொச்சியில் ஒரு கம்பெனி ஆய்வகத்தில் வேலை தயாராக இருந்தது. ஆய்வேட்டைச் சமர்ப்பித்த ரசீதைக் காட்டினால் சேர்ந்துவிடலாம். மலையாளம் வேறு படித்துக்கொண்டிருந்தாள். காலையில் உள்ளே நுழையும்போதே, "சுகமாணோ டீச்சரே?" என்பாள். "போடி இவளே" என்பேன். இருபது நாளில் சமர்ப்பிக்க வேண்டும். அச்சடிக்கக் கொடுக்கும் முன் ஒரு படம் மட்டும் தெளிவாக வேண்டும் என்று புதுத் தட்டு கேட்டாள்.

மீடியாவில் எப்போதும் சேர்க்கும் கடல் உப்புக் கலவை தீர்ந்துபோயிருந்தது. அவசரம். உப்பில்லாத தட்டு நாலு மிச்சம் இருந்தது. சும்மா ஒரு முயற்சி என்று அதில் போட்டோம். உப்பு இல்லாமல் அந்தப் பாக்டீரியா என்ன வளரப்போகிறது என்றுதான் நினைத்தேன். அதுவோ வழக்கத்தைவிடச் செழிப்பாக வளர்ந்து நின்றது.

"டீச்சர், பாத்தீகளா? இத்தன வருசமா உப்ப வீணாக்கியிருக்கோம்!" என்று மகேஸ்வரி சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூடியைத் திறந்தேன். முதல் மழை பெய்த மண் வாசம். அந்த வாசம் முன்பும் வந்ததுதான், நான்தான் சட்டை பண்ணவில்லை. கடலில் பிறந்ததற்கு எங்கள் கொல்லை வாசம் எதற்கு? அந்த நிமிடம் என் கண்ணுக்கு முன்னால் ஈர வாழை மட்டை வந்து நின்றது.

வாசத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. மறுநாள் அதே கொல்லை வாழையிலிருந்து மட்டை உரித்து வந்தேன். பிழிந்த சாற்றை ஒரு தட்டில் போட்டு, என் அலமாரியில் வைத்தேன். நாலாம் நாள் பார்த்தேன். சாம்பல் பூத்த மாதிரி, மாவு தூவினாற்போல். பூஞ்சையைப் பக்கத்தில் வைத்தேன். பூஞ்சை நின்றுவிட்டது.

பஞ்சு பெட்டிக்குள்ளும் உயிரோடுதான் இருந்திருக்கிறது. தன்னைச் சுற்றியிருந்த தண்ணீரை வழக்கம்போல் இழுத்திருக்கிறது. மட்டையின் சாற்றையும் அதிலிருந்த பாக்டீரியாவையும் சேர்த்து உள்சதை வரை கொண்டுபோயிருக்கிறது. வெளியே எவ்வளவு கழுவினால் என்ன?

மறைக்காமல் சொல்கிறேன், அந்தத் தட்டைக் கொதிக்க வைத்து ஊற்றிவிட்டால் போதும் என்று நினைத்தேன். மட்டை நோட்டில் இல்லை. என் தலைக்குள் மட்டும்தான் இருக்கிறது. மகேஸ்வரி ரசீது வாங்கி, கொச்சிக்குப் போய், சம்பளம் வாங்கிவிடுவாள். யாருக்கு என்ன நஷ்டம்? அப்புறம் மாதா கோவிலுக்குப் போய்ச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யலாம் என்று தோன்றியது. வாசல் வரை போனேன். சாமியாரிடம் சொன்னால் என் பாரம் இறங்கும். அவள் தலையில் இருக்கும் பொய் இறங்காது. கொச்சியில் எவனோ ஒருவன் அதே பஞ்சை எடுத்து, அந்தப் பாக்டீரியாவைத் தேடித் தேடிக் கிடைக்காமல், கடைசியில் இவளைத்தான் கேட்பான். இவள் என்ன பதில் சொல்வாள்? திரும்பி வந்துவிட்டேன்.

பேராசிரியரிடம் முதலில் சொல்வதா, அவளிடமா? அவளிடம்தான். ஐந்து வருடம் அவளுடையது. அவளைத் தாண்டிப் போய்ச் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

மறுநாள் மத்தியானம், ஆய்வகத்தில் வேறு யாரும் இல்லை. இரண்டு தட்டையும் அவள் முன்னால் வைத்தேன்.

"மகேசு, இதுல எது உன்னோடது?"

"என்ன டீச்சர் விளையாட்டு? ரெண்டும் என்னோடதுதான்."

"இல்ல ஆத்தா. ஒண்ணு எங்க வீட்டு வாழை மட்டையில இருந்து வந்தது."

சொன்னேன். அப்பாவின் வெற்றிலைக் கட்டிலிருந்து கைராசி வரை எல்லாம் சொன்னேன். அவள் முகத்தில் இருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது.

"மூணு தடவையுமா?"

"மூணு தடவையும்."

"அப்பவே ஒரு வார்த்த சொல்லியிருந்தா என்ன டீச்சர்? இங்கனதான இருந்தீக? தினமும் எம் பக்கத்துலதான இருந்தீக?" கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். "எங்கப்பா ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்காக, கடலுக்குள்ள இருந்து மருந்து எடுத்திருக்கா எம் மகள்னு. நான் போய் என்னன்னு சொல்றது? கடல் இல்லப்பா, டீச்சர் வீட்டுக் கொல்லைன்னு சொல்லவா?"

அழுதேன். அவள் தட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"இது வேற யாருக்காவது தெரியுமா?"

"தெரியாது. நீயும் நானுந்தான்."

'சரி, போகட்டும் விடு' என்று அவள் சொல்லிவிட மாட்டாளா என்று எனக்குள் ஒரு மனசு ஏங்கியது. அவள் எழுந்து தட்டு இரண்டையும் எடுத்தாள்.

"பாக்க ஒரே மாதிரி இருந்தா ஒண்ணுன்னு ஆயிருமா? நீங்க சொன்னதுக்காக நான் நம்ப மாட்டேன். ரெண்டையும் முழு மரபணு பாக்க அனுப்புறேன். வேறன்னு வந்தா நான் சமர்ப்பிப்பேன். ஒண்ணுன்னு வந்தா..." நேராகப் பேராசிரியர் அறைக்குப் போனாள்.

அவர் எல்லாம் கேட்டுவிட்டு என்னை உள்ளே கூப்பிட்டார். தட்டுகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"கைராசி" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் மறந்திருப்பேன். பிறகு, "நானும் எதுல சுத்துனீங்கன்னு கேக்கல. சிரிச்சுட்டு விட்டுட்டேன். அதையும் சேர்த்து எழுதுங்க" என்று நோட்டைத் தள்ளினார். அந்தப் பழைய பக்கத்தில் இடமில்லை. ஓரத்தில், நுணுக்கி நுணுக்கி எழுதினேன். மகேஸ்வரி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

முடிவு வருவதற்குள் சமர்ப்பிக்கும் தேதி போய்விட்டது. இரண்டும் ஒன்றுதான் என்று வந்தது. கொச்சிக்காரர்கள் கொஞ்ச நாள் பார்த்துவிட்டு வேறு ஆளை எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பாக்டீரியாவாவது புதிதா என்றால் அதுவும் இல்லை. மண்ணிலும் மட்டையிலும் எப்போதோ கண்டுபிடிக்கப்பட்ட வகை.

அவள் மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. மீடியா வேண்டும் என்றால் சீட்டில் எழுதி என் மேசையில் வைப்பாள். டிபன் பாக்ஸை நானே திறந்து நானே சாப்பிட்டேன். சோறு இறங்கவில்லை. அவளுக்குப் பிடிக்கும் என்று கருவாட்டுக் குழம்பு கொண்டுவந்து, அப்படியே திருப்பிக் கொண்டுபோன நாளெல்லாம் உண்டு.

அவள் பட்டம் வாங்கினாளா என்று கேட்பீர்கள். வாங்கினாள், ஒன்றரை வருடம் கழித்து. பஞ்சின் உண்மையான குடித்தனக்காரர்கள் தட்டில் தலைகாட்டவே நாற்பது நாள் எடுத்துக்கொண்டார்கள். குண்டூசி முனை அளவு, உப்பில்லாமல் செத்துப்போகிற ஜாதி. வாழைப் பூஞ்சையை அவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மருந்து இல்லை, பேப்பரில் படம் இல்லை. ஆனால் அவள் எழுதியதில் ஒரு வரி பொய் இல்லை. இன்று அவள் வேறொரு ஊரில், கடற்கரையிலேயே, வேலை பார்க்கிறாள்.

நான் உங்களிடம் சொல்ல நினைத்தது அதற்கு நடுவில் நடந்தது. மூன்று மாதம் முடிந்து, மறுபடி பஞ்சு எடுக்கக் கடற்கரைக்குப் போக வேண்டிவந்தது. என்னைக் கூப்பிட மாட்டாள் என்றுதான் நினைத்தேன். மேசையில் சீட்டு இருந்தது: 'நாளை காலை முதல் பஸ். ஒரு வாழை மட்டை கொண்டு வரவும்.' எதற்கென்று எனக்குப் புரியவில்லை. கொண்டுபோனேன்.

கடற்கரையில் மூடி போட்ட கண்ணாடிப் பாட்டில்களைப் பரப்பினாள். கிருமி நீக்கிய கடல் தண்ணீர் நிரப்பி வந்திருந்தாள். மட்டையைத் தனிப் பையில் போட்டு, "இது சாட்சி. பஞ்சுல எது வந்தாலும் இதோட ஒப்பிட்டுப் பாக்கணும். இதுவும் நம்ம கூடயே வரட்டும், ஆனா தள்ளி இருக்கட்டும்" என்றாள். பஞ்சு வந்தது. அவளே கட்டுவாள் என்று நான் ஒதுங்கி நின்றேன்.

அவள் நோட்டைத் திறந்து, மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"நீங்களே கட்டுங்க டீச்சர். உங்க கைக்குத்தான் பஞ்சு நசுங்காம இருக்கும். என்னென்ன செய்றீகன்னு வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே கட்டுங்க. நான் எழுதுறேன்."

கையுறை போட்டதைச் சொன்னேன். பாட்டிலைத் திறந்ததைச் சொன்னேன். பஞ்சை இறக்கியதை, மூடியதை, ஐஸை அடியில் வைத்ததை, எல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவள் தலை நிமிராமல் எழுதிக்கொண்டே வந்தாள். கடைசிப் பாட்டிலை வைத்துவிட்டு, "முடிஞ்சது" என்றேன்.

"முடியல" என்றாள். "மூணாவது பாட்டிலத் தொடுறதுக்கு முன்னாடி கைய எங்கன துடைச்சீக?"

எனக்கு நினைவே இல்லை. கண்ணைத் துடைத்திருக்கிறேன், கையுறையோடு, முந்தானையில்.

"சேலையில துடைச்சீக. எழுதிட்டேன்" என்று சொல்லி, என் பக்கம் பார்த்தாள். "புதுக் கையுற போட்டு அந்தப் பாட்டில மட்டும் மறுபடி கட்டுங்க. சுகமாணோ டீச்சரே?"

அந்த நோட்டு இதோ, மேசையில்தான் இருக்கிறது. மூன்றாவது பாட்டில் கதையும் அதில் உண்டு, என் கைராசியும் உண்டு. அடுத்த பக்கம் வெறுமையாக இருக்கிறது, நீங்கள் எழுதுங்கள்.